கழிப்பறைக்கு மட்டும் ஆகும் கை

நகரத்து வேலையை உதறிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பித் தொழில் தொடங்கியவர்களைப் பற்றி வாரத்துக்கு ஒரு கட்டுரையாவது கண்ணில் படுகிறது. மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவர் நாட்டுக்கோழி வளர்க்கிறார். வங்கியில் இருந்தவர் மரச்செக்கு போட்டிருக்கிறார். ஊர் அவர்களைக் கொண்டாடுகிறது. விட்டு வந்த வேலையின் மரியாதை, புதுக் கடையின் கல்லாவிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நானும் ஊருக்குத் திரும்பித் தொழில் தொடங்கியவன்தான். என் பழைய வேலையும் என்னோடு வந்தது. கோயம்புத்தூரில் ஒரு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் நான் குழி வெட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழி என்றால் இந்தப் பக்கத்தவர்களுக்குப் புரியும். வீட்டிலும் தெருவிலும் தமிழ், அலுவலகங்களில் மலையாளம். பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்த தாலுகா இது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோது அதோடு போனது. நான் படித்தது தமிழ்வழிப் பள்ளியில். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை உண்டு, நான் கல்லூரிவரை போகவில்லை. கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வரும் மழையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. மாநிலத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டரை ஒட்டியது. எங்கள் கிழக்குப் பஞ்சாயத்துகளில் அதில் பாதிகூட விழுவதில்லை. பாலக்காட்டுக் கணவாயில் காற்றுதான் நிறைய வரும். தண்ணீர் என்றால் ஆழ்துளைக் கிணறு, இல்லாவிட்டால் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று கணக்குப் பார்த்து விடுகிற வாய்க்கால் நீர். பிளாச்சிமடையும் இதே தாலுகாதான். நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று மக்கள் போராடிய அந்தக் குளிர்பான ஆலை 2004இல் உற்பத்தியை நிறுத்தியது. கிணறு என்ற பேச்சு வந்தால் எங்கள் ஊரில் யாரும் அலட்சியமாக இருக்க மாட்டார்கள். நான் சொல்லப் போகும் விஷயத்துக்கு இது முக்கியம்.

மண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேரளத்தில் கரிசல் மண் பெரும்பாலும் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு கலந்த, களி அதிகமான மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் ஊதிப் பெருத்து, காலைப் பிடித்தால் விடாது. இரண்டு மைல் தள்ளிப் போனால் செம்மண். சிறு வயதில் இது வெறும் சேறும் புழுதியும்தான் எனக்கு. குழி வெட்டப் போன பிறகுதான் மண்ணைப் படிக்கத் தெரிந்தது.

வெட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. நீளம் ஆறரை அடி, அகலம் இரண்டரை, ஆழம் ஐந்துக்குக் குறையக் கூடாது. செம்மண் என்றால் சுவர் கத்தியால் அறுத்தது போல நேராக நிற்கும். இருவர் சேர்ந்தால் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடலாம். கரிசலில், அதுவும் மழைக்காலத்தில், வெட்ட வெட்டச் சுவர் உள்ளே சரியும். பலகை கொடுத்துத் தாங்கி, வாளியால் நீரை இறைத்துக்கொண்டே வெட்ட வேண்டும். பூசை முடிந்து பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது என்று ஆள் ஓடி வந்து சொல்லும்போது குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் குழி வெட்டுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

குடும்பக் கல்லறையை மறுபடி திறக்கும் வேலைதான் அதிகம் கற்றுக்கொடுத்தது. ஒரே குழியில் தாத்தாவுக்குப் பிறகு பாட்டி, பாட்டிக்குப் பிறகு மகன். பழைய எலும்புகளைப் பொறுக்கித் துணியில் கட்டி, குழியின் தலைமாட்டில் இன்னும் ஒரு சாண் தோண்டி வைத்துவிட்டுப் புதுப் பெட்டியை இறக்க வேண்டும். நீர் வடிகிற மண்ணில் உடல் சீக்கிரமே மண்ணாகிவிடும். நைலான் புடவையும் பிளாஸ்டிக் மாலையும் மட்டும் நிறம்கூட மங்காமல் கிடக்கும். நீர் கட்டுகிற களியில் காற்று புகாது, எத்தனை ஆண்டு கழித்துத் திறந்தாலும் வேலை முடிந்திருக்காது. எந்த மண் தண்ணீரைக் குடிக்கும், எது குடிக்காது, எத்தனை அடிக்குக் கீழே சுக்கான் பாறை தட்டும் என்பதெல்லாம் எனக்கு இப்படித்தான் தெரிய வந்தது. பொறியியல் படித்தவர்கள் இதற்கு வேறு சோதனை செய்வார்கள் என்று நினைக்கிறேன். முடிவு ஒன்றாகத்தான் இருக்கும்.

வேலை போன கதை பலருடைய கதை போலத்தான். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்கப் போனவர்களை ஒரு கும்பல் அடித்து விரட்டியது. நண்பரான இன்னொரு மருத்துவர் இரவில் தன் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். அடக்கத்தைத் தடுப்பது குற்றம் என்று தமிழக அரசு அந்த மாதமே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வாரம் என் வாடகை வீட்டுக்காரர் பொதுக் குழாய்ப் பக்கம் வர வேண்டாம் என்று என்னிடம் தன்மையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோயம்புத்தூர் சென்னையையே தாண்டியது. கைக்குழி ஈடுகொடுக்கவில்லை, ஜேசிபி வந்தது. தொற்று ஓய்ந்த பிறகும் ஜேசிபி போகவில்லை. பிறகு இடம் போதாமல் கான்கிரீட் அறைகளை அடுக்கடுக்காகக் கட்டினார்கள். மூடியைத் திறந்து பெட்டியைத் தள்ளினால் முடிந்தது. அதற்குக் கொத்தனார் போதும், குழி வெட்டுகிறவன் வேண்டாம்.

ஊருக்கு வந்தேன். தெரிந்தது மண்ணும் குழியும். அதனால் சிமென்ட் உறை வார்க்கும் தொழிலைத் தேர்ந்தெடுத்தேன். கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் இறக்கும் வட்ட உறைகள். முதல் அதிகம் வேண்டாம். இரும்புத் தகட்டில் மூன்று துண்டாகச் செய்து போல்ட் போட்டு முறுக்கும் அச்சு, எம்-சாண்ட், பேபி ஜல்லி, சிமென்ட், எட்டு நம்பர் கம்பி. அச்சின் உள்பக்கம் கழிவு எண்ணெய் தடவிவிட்டால் உறை ஒட்டாமல் கழன்று வரும். ஒரு வாரம் சாக்கைப் போர்த்தி நனைக்க வேண்டும். பலரும் நனைப்பதில்தான் ஏமாற்றுவார்கள். மூன்றாம் நாளே வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கரிசல் மண் மழையில் ஊதி நெருக்கும்போது அந்த உறைதான் முதலில் விரியும். நான் இறக்குகிற உறையைச் சுற்றி அரை அடி அகலத்துக்கு மணலும் கிராவலும் நிரப்புகிறேன். மண் ஊதினாலும் நெருக்கம் நேரே உறையில் படாது. சரியும் குழிகளில் நின்று கற்றுக்கொண்டது இது.

அப்போது நல்ல நேரமாகவும் அமைந்தது. 2022-23ஐக் கேரள அரசு தொழில்முனைவோர் ஆண்டாக அறிவித்து, உள்ளாட்சிகளில் தொழில் தொடங்குவோருக்கு உதவ இளைஞர்களை அமர்த்தியிருந்தது. எங்களுக்கு வாய்த்த பெண் நல்ல சுறுசுறுப்பு. பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறத்தில் தாழ்த்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் போன்றவர்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு, கைமுதல் 5 சதவீதம் போதும் என்று சொல்லி, மலையாளப் படிவத்தை அவரே நிரப்பினார். முன் அனுபவம் என்ற கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். 'மண் வேலை' என்று எழுதச் சொன்னேன். வங்கியில் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஊர் கேட்டது.

முதலில் வந்த பெரிய வாடிக்கையாளர் ஒரு தென்னந்தோப்புக்காரர். வயதானவர், பேச்சில் கண்ணியம் உள்ளவர். உறையைக் கட்டைவிரலால் சுண்டிப் பார்த்தார், விளிம்பைத் தடவினார். நல்ல வேலை என்றார். பழைய கிணற்றைச் சீர்செய்ய உறை வேண்டும் என்று சொல்லி விலை பேசி முடித்தார். முன்பணத்தை எண்ணும்போதுதான் வீட்டுப்பேர் கேட்டார். சொன்னேன். அப்பாவை அவருக்குத் தெரியும்.

"கோயம்புத்தூரில் கல்லறையில் இருந்தது நீதானே கண்ணு?"

"ஆமாங்க ஐயா."

எண்ணிய பணத்தை மடித்து வைத்துக்கொண்டு சற்று நேரம் தெருவைப் பார்த்தார். கிணற்று விஷயத்தை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு, "ஆள்காரர் குடியிருப்புக்குக் கழிப்பறை கட்டுகிறோம். அதற்கு உறை கொடு" என்று அதே பணத்தை என் கையில் வைத்தார். கை பட்டுவிடக் கூடாது என்றெல்லாம் பார்க்கவில்லை, சாதாரணமாகத்தான் வைத்தார்.

இரண்டு உறையும் ஒரே அச்சில் வார்த்தவை. பக்கத்தில் ஓட்டை விட்டால் கழிப்பறைக்கு, விடாவிட்டால் கிணற்றுக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "அவர் சொன்னதில் என்ன குற்றம்? குடிக்கிற தண்ணீர் இல்லையா?" என்றாள். நான் அடக்கம் முடித்து வந்தால் குளிக்காமல் வாசல்படி தாண்ட விட்டவள் இல்லை அவள். அவள் அப்படித்தான் சொல்வாள்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் தானாகவே உருவாகிவிட்டது. கழிப்பறைக் குழிக்கு என்னிடம் வருவார்கள். கிணற்றுக்குச் சித்தூர் பக்கமோ பொள்ளாச்சி பக்கமோ போய் வண்டி வாடகையும் சேர்த்துக் கொடுத்து வாங்கி வருவார்கள். அந்த உறையை இறக்கி வைக்க என்னைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு, கிணற்றுக்குள் இறங்க ஊரில் வேறு ஆள் துணியாததால். ஆனால் நான் வருவதற்கு முன் பூசை போட்டு, முதல் உறையை வேறு யாராவது தொட்டு வைத்திருப்பார்கள். பூக்கோட்டுக்காவுப் பஞ்சாயத்துப் பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் கிணறு வெட்டிப் பேர் வாங்கியது இதே பாலக்காடு மாவட்டத்தில்தான். பெண் கிணற்றில் இறங்கலாமா என்று முதலில் முணுமுணுத்தவர்கள் நீர் ஊறியதும் வாயை மூடிக்கொண்டார்கள் என்று கேள்வி. என் விஷயத்தில் நீர் ஊறினாலும் வாய் மூடுவதாக இல்லை.

சாவைத் தொட்ட கை என்பதுதான் காரணம் என்று வெகுநாள் நம்பினேன். இப்போது அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. கோயம்புத்தூரில் எங்களுக்குச் சவப்பெட்டி செய்து கொடுத்த ஆசாரி, வீடுகளுக்கு நிலைக்கதவும் செய்வார். நிலை வைக்கும் நாளில் அவருக்கு வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்வார்கள். கொரோனா நேரத்தில் வரிசையாகக் குழி தோண்டிய ஜேசிபி, அடுத்த மாதம் வேறொரு இடத்தில் கடைக்கால் தோண்டியது. வாளிகூட மாற்றவில்லை. தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சை வைத்து நசுக்கித்தான் வேலையைத் தொடங்கினார்கள். அந்த வண்டி முதலாளியைப் போன வாரம் எங்கே நிறுத்தியிருந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. தீட்டு பிணத்தில் இருந்தால் ஆசாரியிடமும் ஜேசிபியிடமும் ஒட்டியிருக்க வேண்டும். தேடித் தேடி எங்கள் ஆட்கள்மேல் மட்டும்தான் அது ஒட்டுகிறது. செத்த பிறகும் இதற்கு முடிவில்லை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்குள்ளேயே சாதிச் சுவர் இருக்கிறது. ஒரே ஞானஸ்நானம், ஒரே பூசை, இரண்டு பக்கம் புதைகுழி. அதை வெட்டிய ஆள் சுவரின் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லத் தேவையில்லை.

ஊருக்கு வந்தபின்பு குழி வெட்டவில்லை என்று சொல்ல முடியாது. கூப்பிட்டால் போகிறேன். அப்படி ஒருநாள் ஒரு காலனியில் ஒரு பாட்டிக்கு வெட்டியதைச் சொல்ல வேண்டும். மூன்று சென்ட் வீடுகள். அந்தக் குடும்பத்துக்குத் தேவாலயமும் இல்லை, மயானத்தில் உரிமையும் இல்லை. இடம் இல்லாமல் அடுக்களையை இடித்துப் புதைத்த தலித் குடும்பங்களின் செய்திகள் கேரளப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. நிலச்சீர்திருத்தத்துக்குப் பேர்போன மாநிலம் இது. இங்கே அடுக்களையை இடிக்கவில்லை, அதன் சுவரை ஒட்டி இடம் காட்டினார்கள். மண்ணைக் கொட்ட இடமில்லாமல் பக்கத்து வீட்டுத் திண்ணையில் கொட்டினோம். பக்கத்து வீட்டு அக்கா ஒன்றும் சொல்லாமல் திண்ணையிலிருந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சில மாதம் கழித்து அதே வீட்டில் கழிப்பறைக் குழிக்குக் கூப்பிட்டார்கள். கேரளக் கட்டட விதிப்படி குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் கழிவுக் குழி கூடாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குடியிருப்பிலிருந்தும் குடிநீரிலிருந்தும் 90 மீட்டருக்குள் பிணம் புதைக்கக் கூடாது என்று விதி. இந்த எண்களை மூன்று சென்டில் வைத்துப் பாருங்கள். மூன்று சென்ட் என்பது சுமார் 1300 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 11 மீட்டர். நடுவில் வீடு, ஒரு மூலையில் கிணறு, அடுக்களை ஓரத்தில் பாட்டி. மிச்சமுள்ள இடத்தில் எங்கே நின்று அளந்தாலும், இவர்கள் கிணற்றுக்குத் தப்பினால் அடுத்த வீட்டுக் கிணற்றுக்குள் விழுகிறது. மேலே களி, தண்ணீரைக் குடிக்காது. குடிக்கிற மண்ணைத் தேடிக் கீழே போனால் கிணற்று ஊற்றுக்குப் பக்கத்தில் போகிறோம். போட மாட்டேன் என்றேன். "உனக்கு என்னப்பா, உறையை இறக்கிவிட்டுப் போ" என்று அந்த வீட்டுச் சித்தப்பா சத்தம் போட்டார். வார்டு உறுப்பினர் வந்து, வேறு இருவர் வந்து, கடைசியில் நான்கு வீட்டுக்கும் பொதுவாக, கிணறு இல்லாத ஒரு மூலையில் குழி எடுத்தோம். அந்த மூலைக்குச் சொந்தக்காரர் இன்றும் என்னோடு பேசுவதில்லை.

இன்னொரு தொல்லை உண்டு. உறை இறக்கினவன்தானே, நிரம்பினால் அள்ளவும் வருவான் என்று நினைத்துக்கொண்டு நள்ளிரவில்கூடப் போன் வருகிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரைக் கழிவுக் குழியில் இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. தொகை உயர வேண்டிய அளவுக்கு ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். மூடிய குழியின் அடியில் என்ன காற்று தங்கும் என்று கல்லறையில் அறை திறக்கிறவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மூடியை நகர்த்திவிட்டு நெடுநேரம் தள்ளி நிற்போம். போன் செய்கிறவர்களுக்குக் கழிவு உறிஞ்சும் லாரியின் எண்ணைக் கொடுக்கிறேன். லாரிக்காரர் கேட்கும் பணத்தில் பாதி தருகிறேன், நீயே இறங்கு என்று பேரம் பேசுகிறவர்களுக்கு நான் தரும் பதிலை இங்கே எழுத முடியாது.

தொழில் தாக்குப்பிடிக்கிறதா என்றால், பிடிக்கிறது. ஊரால் இல்லை. மேற்கே பஞ்சாயத்து வேலைகளுக்குக் கொடுக்கிறேன். அரசாங்கத்துக்குத் தீட்டு கிடையாது, பில் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். பணம்தான் ஆடி அசைந்து வரும். கிழக்கே எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கிராமங்கள். அங்கே என்னைக் கேரளாக்காரர் என்கிறார்கள். நான் வார்த்த உறையைக் கிணற்றில் இறக்கி, அதில் ஊறிய நீரில் எனக்கே காபி போட்டுத் தருகிறார்கள். பாலக்காட்டு டவுனில், மலையாளிகள் தமிழரை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' நான். சொந்த ஊரில் குழிவெட்டி. அச்சிலிருந்து எடுக்கும் உறை எங்கும் ஒன்றுதான். தூரம் கூடக் கூட அதற்கு வேலை கூடிக்கொண்டே போகிறது.

எல்லை தாண்டுவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். வண்டி நிற்காமல் போகிறது. ஆனால் கேரளத்துக்குள் மட்டும் சரக்கு விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம்வரை பதிவு தேவையில்லை, அடுத்த மாநிலத்துக்கு ஒரு உறை விற்றாலும் பதிவு கட்டாயம். எல்லைக்கு அந்தப் பக்கம் என்னிடம் உறை வாங்குகிற தோட்டத்தின் வேலி என் கொட்டகையிலிருந்தே தெரியும். நடுவில் இருக்கும் ஓடைக்காக மாதாமாதம் கணக்காளருக்குப் பணம் கட்டுகிறேன்.

கல்லறையில் என்னோடு வேலை செய்தவரின் மகன் போன வாரம் கூப்பிட்டான். பொள்ளாச்சிக்குப் பக்கத்து ஊர். அவனும் அந்த வேலையை விட்டுவிட்டு ஊரில் உறை போடலாமா என்று கேட்டான்.

"உன் ஊரில் போடாதே தம்பி. இங்கே என் ஊரில் வந்து கொட்டகை போடு" என்றேன்.

"அண்ணா, அப்போது நீங்கள்?"

"நான் உன் ஊரில் போடுகிறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். பிறகுதான் ஓடை ஓரமாகக் கிடக்கும் இடத்துக்கு வாடகை என்ன, மின்சாரம் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தான். மூன்றடி அச்சு ஒன்று என்னிடம் கூடுதலாக இருக்கிறது. பாதி விலைக்குத் தருகிறேன், கடனுக்குத் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அப்பாவிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்.